மாலை போடுவதா, விடுவதா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

(போர்க்காலத்தில் வன்னியில் செய்தியாளராக இருந்து, பிறகு ஆவணப்படம் எடுக்கத் தொடங்கியவர் இந்த இதழில் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். விசுவமடுவில் வசிக்கிறார். தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். தன் படங்களில் வரும் ஆட்களின் பெயரே இல்லாதபோது தன் பெயர் எதற்கு என்பது அவர் சொன்ன காரணம்.)

செய்தி எழுதிக்கொண்டிருந்த நீங்கள் ஆவணப்படத்துக்கு வந்தது எப்படி? யாராவது தூண்டினார்களா? (பரந்தன் வாசகர்)

தூண்டியது வயிறுதான். போர் முடிந்ததும் சனத்தை அடைத்து வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமிலிருந்து வெளியே வந்தபோது கையில் தொழில் இல்லை. வன்னிச் செய்தியாளன் என்றால் வேலை தரப் பயந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, காலம் அப்படி. ஒரு ஸ்ரூடியோவில் கலியாண வீடு, சாமத்திய வீடு வீடியோ எடுக்க ஆள் தேவைப்பட்டது. போய்ச் சேர்ந்தேன். தாலி கட்டும்போது எந்தப் பக்கம் நிற்பது, ஆலத்தி எடுக்கும் மாமிமாரின் முதுகை எப்படி விலத்துவது என்பதெல்லாம் அங்கே பழகியதுதான். எடிட்டிங்கும் அங்கேதான் படித்தேன்.

அந்த ஸ்ரூடியோவுக்கு ஒரு வகையான வேலை அடிக்கடி வரும். கலியாணப் படத்தில் இல்லாத ஒருவரைச் சேர்த்துத் தரச் சொல்வார்கள். அடையாள அட்டைக்கு எடுத்த படத்தைக் கொண்டுவருவார்கள். அதைப் பெரிதாக்கி, கோட் போட்ட உடம்பு ஒன்றில் தலையைப் பொருத்தி, பொம்பிளைக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டும். ஒரு நாள் வந்த குடும்பம் பொம்பிளையின் அண்ணனைச் சேர்க்கக் கேட்டது. 2009 மே மாதம், போரின் கடைசி நாட்களில், சனத்தோடு இராணுவப் பக்கம் போக வட்டுவாகல் பாலம் கடந்த பிறகு அவரைக் கண்டவர் இல்லை. தகப்பன், "மேல் மூலையில வட்டமாப் போட்டு ஒரு மாலையும் போட்டு விடு தம்பி" என்றார். தாய் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "மாலை போட்டால் பிள்ளை செத்துப்போனான் எண்டு நாங்களே சொன்ன மாதிரி. மற்ற ஆக்களோட சேர்த்து நிக்க வையுங்கோ." தகப்பன் அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை.

சரி, நிற்க வைப்போம் என்று முடிவானது. அடுத்த சிக்கல் வயது. படத்தில் அண்ணனுக்குப் பத்தொன்பது, கலியாணப் பொம்பிளைக்கு இருபத்தாறு. பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் தங்கை மூத்தவளாகத் தெரிந்தாள். தாய் திரைக்குக் கிட்ட வந்து குனிந்து, மீசையைக் கொஞ்சம் தடிப்பாக்கச் சொன்னார். முன் நெற்றியில் மயிரைக் குறைக்கச் சொன்னார். "இவருக்கும் இந்த வயதிலதான் கொட்டத் தொடங்கினது" என்று புருசனைக் காட்டினார். பிள்ளையை அந்த மேசையில் வைத்துத்தான் பல வயது வளர்த்தார் அவர்.

இதை எந்தப் பத்திரிகைக்கு எழுதி அனுப்புவது? சம்பவம் இல்லை, அறிக்கை விடுபவர் இல்லை, மறுப்பவரும் இல்லை. செய்தி ஆசிரியர் "என்ன நடந்தது?" என்று கேட்டால் "ஒரு படம் திருத்தினோம்" என்றுதான் சொல்ல வேண்டும். அந்தக் குடும்பத்திடமே கேட்டு, பிறகு கமராவோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். முதல் படம் அப்படித் தொடங்கியது.

செய்திக்கும் ஆவணப்படத்துக்கும் என்ன வித்தியாசம்? இரண்டிலும் உண்மையைத்தானே காட்டுகிறோம்? (புதுக்குடியிருப்பு, ஊடகக் கற்கை மாணவி)

தங்கை, புத்தகத்தில் இருக்கும் வரைவிலக்கணம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். நான் கண்டதைச் சொல்கிறேன்.

வன்னியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் எத்தனை இடத்தில் சாட்சி சொல்லியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். 2010இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு. 2013இல் நியமித்த ஜனாதிபதி ஆணைக்குழு. 2018இல் காணாமல் போனோர் அலுவலகம். இடையில் பொலிஸ், மனித உரிமைகள் ஆணைக்குழு, செஞ்சிலுவைச் சங்கம், கிராம சேவகர், ஐ.நா. மனித உரிமைப் பேரவைக்கு ஜெனீவா போகிறவர்கள், எங்களைப் போன்ற செய்தியாளர்கள். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் தொடர் போராட்டம் தொடங்கிய பிறகு அந்தக் கொட்டிலுக்கு வராத கமரா இல்லை. இத்தனை பேருக்குச் சொல்லிச் சொல்லி அந்தக் கதை ஒரு வாக்குமூலமாகவே இறுகிவிட்டது. எங்கே நிறுத்த வேண்டும், எந்தத் திகதி வரவேண்டும், எப்போது கேட்பவர் பேனையை மூடுவார் என்பது அம்மாமாருக்குத் தெரியும்.

ஒரு அம்மா வீட்டில் கமராவைக் கண்டதுமே அலுமாரியைத் திறந்து ஒரு சொப்பிங் பையை எடுப்பார். உள்ளே லமினேற் பண்ணிய படம், பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, செஞ்சிலுவைச் சங்கத்தின் துண்டு, ஆணைக்குழுவின் கடிதம், கிராம சேவகரின் உறுதிப்படுத்தல், மகனின் சாதாரண தரப் பெறுபேறு. ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, அதே ஒழுங்கில் கட்டிலில் பரப்பி, படத்தை மட்டும் நெஞ்சோடு பிடித்து, யன்னல் வெளிச்சத்துக்கு முகம் திருப்பி இருப்பார். ஒளிப்பதிவாளர்கள் பழக்கிவிட்ட பழக்கம். செய்திக்கு அது போதும். ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும்.

அந்தப் பை மீண்டும் அலுமாரிக்குள் போன பிறகுதான் என் வேலை தொடங்குகிறது. அவர் கச்சான் உடைக்கப் போவார். நானும் இருந்து உடைப்பேன். மகன் பொய் சொல்லிவிட்டு முல்லைத்தீவுக்குப் படம் பார்க்கப் போனது, மருமகளோடு ஒரு வருடம் முகம் பாராமல் இருந்தது, "அவன் வந்தால் முதலில இரண்டு அறை போடுவன்" என்றது எல்லாம் அப்போதுதான் வந்தன. எந்த ஆணைக்குழுவும் இவற்றைக் கேட்டதில்லை. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. ஆனால் அப்போதுதான் அந்தப் பிள்ளை எனக்கு ஒரு ஆளாகத் தெரிந்தான்.

போர் நடந்தபோது வன்னிக்குள் இருந்து செய்தியை எப்படி அனுப்பினீர்கள்? மின்சாரம் இல்லாமல் கமராவுக்கு என்ன செய்தீர்கள்? (வவுனியா, பாடசாலை மாணவர்)

தம்பி, எல்லாரும் பயந்தீர்களா என்றுதான் கேட்பார்கள். பற்றறியைப் பற்றிக் கேட்டது நீர்தான்.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது வன்னிக்குள் பற்றறி வரவே விடமாட்டார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட தலைமுறை நாங்கள். ஒருவர் சுற்றுவார், மற்றவர்கள் செய்தி கேட்பார்கள். சுற்றுபவர் களைத்தால் அறிவிப்பாளரின் குரலும் களைத்துவிடும். 2002இல் போர்நிறுத்தம் வந்து கண்டி–யாழ்ப்பாணம் ஏ9 பாதை திறந்ததும் எல்லாம் லேசானது. ஓமந்தைச் சோதனைச் சாவடி தாண்டிப் போகும் ஆளிடம் கசெட்டைக் கொடுத்தால் கொழும்புக்குப் போய்ச் சேரும். 2006 ஓகஸ்டில் முகமாலையில் சண்டை மூண்டு பாதை பூட்டப்பட்டது. பிறகு பழையபடி தட்டுப்பாடு. உழவு இயந்திரத்தின் பற்றறி, எங்காவது ஒரு சூரியத் தகடு, மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடும் ஜெனறேற்றர். எது கிடைக்கிறதோ அதில் சார்ஜ். முதலில் சற்றலைட் போன், பிறகு லப்டொப், மிச்சம் இருந்தால் கமரா. அதனால்தான் கடைசி மாதங்களில் எழுத்துச் செய்தியும் குரலும் போன அளவுக்கு வீடியோ போகவில்லை.

2008 செப்ரெம்பரில் ஐ.நா. ஆட்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறினார்கள். வெளியிலிருந்து சுதந்திரமாகச் செய்தியாளர்கள் வர அனுமதி இருக்கவில்லை. உள்ளே இருந்த நாங்களும் சனத்தோடு சனமாகத் தர்மபுரம், விசுவமடு, சுதந்திரபுரம், இரணைப்பாலை, மாத்தளன் என்று தரப்பாளைச் சுருட்டிக்கொண்டு நகர்ந்தோம். மேலே வண்டு இரைந்துகொண்டே இருக்கும். (உளவு விமானத்துக்குச் சனம் வைத்த பெயர்.) வெளிநாட்டுத் தமிழ் ஊடகங்களுக்குச் செய்தி சொல்லிக்கொண்டிருந்த பு. சத்தியமூர்த்தி 2009 பெப்ரவரி 12ஆம் திகதி ஷெல் வீச்சில் கொல்லப்பட்டார். அவர் குரலை அதற்கு முதல் கிழமை வரை கேட்டுக்கொண்டிருந்தவர்கள் உலகம் முழுவதும் இருந்தார்கள்.

அந்தக் காலத்தில் எல்லாவற்றையும் எழுத முடிந்ததா? மனச்சாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள். (யாழ்ப்பாண வாசகர்)

இல்லை. அரசாங்கம் தந்த அறிக்கையில் பொதுமக்கள் இழப்பு இருக்காது. புலிகள் இயக்கத்தின் கட்டுப்பாட்டுக்குள் இருந்துகொண்டு கட்டாய ஆட்சேர்ப்பை எழுத இயலாது. பிள்ளையைப் பங்கருக்குள் ஒளித்து வைத்த தாய்மாரும், அவசர அவசரமாகக் கலியாணம் கட்டி வைத்த தகப்பன்மாரும் எங்கள் அயலில்தான் இருந்தார்கள். அவர்கள் இப்போது பேசுகிறார்கள். என் இரண்டாவது படம் அவர்களைப் பற்றியது. அதைக் காட்டியதற்காக இரு பக்கத்தாரும் என்னோடு கோபித்துக்கொண்டார்கள். கோபிக்கட்டும்.

உங்கள் படங்களில் ஷெல் அடி, பிணங்கள் எதுவும் இல்லையே? உலகம் பார்க்க வேண்டாமா? இங்கே நாங்கள் அந்தக் காட்சிகளை வைத்துத்தான் வழக்கே பேசுகிறோம். (லண்டன் வாசகர்)

ஐயா, வழக்குப் பேச அந்தக் காட்சிகள் வேண்டும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 2011இல் வந்த ஐ.நா. நிபுணர் குழு அறிக்கை கடைசிக் கட்டத்தில் 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்றது. அப்படிப்பட்ட குழுக்களுக்கு ஆதாரம் போய்ச் சேரத்தான் வேண்டும். அதற்கு உரிய வழியில், எடுத்த இடமும் நேரமும் சிதையாமல் கொடுக்க வேண்டும்.

நான் படம் போடுவது முள்ளியவளையில், உடையார்கட்டில், வாசிகசாலை மண்டபத்தில். அங்கே அடையாளம் தெரியாத ஒரு உடலைத் திரையில் காட்டினால், அந்தச் சட்டையைத் தேடிக்கொண்டிருக்கும் ஒருத்தி சபையில் இருக்கக்கூடும். இதைக் கற்பனையாகச் சொல்லவில்லை. 2023 ஜூன் மாதம் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோது மனித எச்சங்கள் வெளிப்பட்டன. அடுத்த வருடம் அகழ்வு முடிந்தபோது 52 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டிருந்தன. அங்கே வந்து நின்ற சனம் எலும்பைப் பார்க்கவில்லை. துணியைத்தான் பார்த்தது. என்ன நிறம், என்ன தையல் என்று. ஒரு பெண் பிள்ளை தன் சட்டைக் கையை மடித்து, உள்பக்கத் தையலைப் பக்கத்தில் நின்றவருக்குக் காட்டினாள். "அம்மா எங்கள் எல்லாருக்கும் இப்படித்தான் அடிக்கிறவா" என்றாள். அவளுக்குத் தெரியாமல் அவள் அண்ணனின் சட்டையைத் திரையில் போட எனக்கு உரிமை இல்லை.

ஆவணப்படம் எடுக்க என்ன கமரா வாங்கலாம்? (மல்லாவி வாசகர்)

கையில் உள்ள போன் போதும். காசு இருந்தால் மைக் வாங்குங்கள். படம் மங்கினாலும் சனம் பார்க்கும், குரல் விளங்காவிட்டால் எழும்பிப் போய்விடும். வன்னியில் சத்தத்துக்குக் குறைவில்லை: தகரத்தில் மழை, சோளகக் காற்று, கோயில் லவுட்ஸ்பீக்கர், மயில். பேச வைப்பதற்கு முன் ஒரு நிமிடம் சும்மா இருந்து காதைக் கொடுங்கள். மத்தியானம் பன்னிரண்டு மணி வெயிலில் முகத்தை எடுக்காதீர்கள், கண் குழியில் கறுப்புத்தான் விழும். நாலு மணிக்குப் பிறகு வாருங்கள் என்று சொன்னால் வீட்டுக்காரருக்கும் வசதி, தேத்தண்ணியும் கிடைக்கும்.

வெளிநாடுகளில் போர்ச் செய்தியாளர்கள் ஆவணப்படத்துக்கு வந்த உதாரணம் ஒன்று சொல்லுங்கள். (மன்னார் வாசகி)

அண்மையில் என்றால் உக்ரைனின் ம்ஸ்தீஸ்லவ் செர்னோவ். ஏபி செய்தி நிறுவனத்தின் வீடியோச் செய்தியாளர். 2022 பெப்ரவரி 24ஆம் திகதி ரஷ்யப் படையெடுப்பு தொடங்க ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் முன்னர்தான் மரியுபோல் நகரத்துக்குள் தன் சகாவோடு போனார். சர்வதேசச் செய்தியாளர்களில் கடைசிவரை அங்கே நின்றது அவர்களின் குழுதான். மார்ச் 9ஆம் திகதி மகப்பேற்று மருத்துவமனை தாக்கப்பட்ட காட்சி அவர்கள் எடுத்தது. அதை ரஷ்யத் தரப்பு நாடகம் என்றது, காயப்பட்ட கர்ப்பிணியை நடிகை என்றது. (இந்தக் கதை நமக்குப் புதிதா என்ன?) சிக்னல் கிடைக்கும் இடம் தேடி அலைந்து அவர்களால் அனுப்ப முடிந்தது சிறு சிறு துண்டுகள். மிச்சத்தை மார்ச் 15ஆம் திகதி ரஷ்யச் சோதனைச் சாவடிகள் ஊடாக மறைத்துக் கொண்டுவந்தார்கள். அந்த மிச்சம்தான் 'மரியுபோலில் 20 நாட்கள்' என்ற படமானது. 2024இல் ஒஸ்கார் கிடைத்தபோது, இந்தப் படத்தை எடுக்க நேராமலே இருந்திருக்கலாம் என்று மேடையில் சொன்னார்.

அவருக்கும் வன்னியில் இருந்தவர்களுக்கும் பெரிய வித்தியாசம் ஒன்று. அவர் வெளியே வந்தபோது எடுத்ததும் வெளியே வந்தது. வட்டுவாகல் பாலத்தைத் தாண்டும்போது எங்களில் பலர் கசெட்டைக் கையில் வைத்திருக்கவில்லை. வைத்திருந்தால் என்ன நடக்கும் என்று தெரியும். பங்கருக்குள்ளும் வடலியடியிலும் புதைத்ததில் பாதி இன்னும் மண்ணுக்குள்தான். மீளக் குடியேறியபோது என் வீட்டு எல்லைக் கல்லையே என்னால் அடையாளம் காண முடியவில்லை, கசெட்டை எங்கே தேடுவது?

ஆவணப்படத்தால் வருமானம் உண்டா? (கிளிநொச்சி வாசகர்)

இல்லை. கலியாண வீடுதான் சோறு போடுகிறது. இடைக்கிடை தொண்டு நிறுவனங்களின் திட்ட வீடியோவும் வரும். பசு கொடுத்திருப்பார்கள். பயனாளி சிரிக்க வேண்டும், பசு கமராவைப் பார்க்க வேண்டும், பின்னால் பெயர்ப்பலகை முழுதாகத் தெரிய வேண்டும். மூன்றும் ஒரே நேரத்தில் அமைவது லேசில்லை. பசுதான் மாட்டேன் என்று நிற்கும்.

எங்கள் ஊருக்கு எத்தனையோ பேர் வந்து படம் எடுத்துப் போனார்கள். ஒருவரும் திரும்பி வந்து காட்டவில்லை. நீங்கள் காட்டுவீர்களா? (கேப்பாப்பிலவு வாசகி)

உங்கள் கோபம் நியாயம், அக்கா. இராணுவம் பிடித்து வைத்திருந்த காணிக்காக 2017 மார்ச் மாதம் முதல் வீதியோரம் கொட்டில் போட்டு இருந்த உங்களைப் படம் எடுக்காத ஆள் இல்லை.

நான் படத்தை முடிக்குமுன் அந்தந்த வீட்டிலேயே போட்டுக் காட்டுவேன். சுவரில் வெள்ளைச் சாரத்தைக் கட்டினால் திரை. அயல் எல்லாம் வரும். எதை வெட்டச் சொன்னாலும் வெட்டுவேன் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். அழும் காட்சியைத்தான் எடுக்கச் சொல்வார்கள் என்று எல்லாரும் நினைப்பார்கள். கச்சான் உடைத்த அந்த அம்மா அழுகையைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. "முத்தம் கூட்டாமல் கிடக்கிறதை எதுக்குக் காட்டினனீர்? ஊர் என்ன நினைக்கும்?" என்றார். மருமகளைப் பற்றிச் சொன்னதையும் எடுக்கச் சொன்னார். முற்றத்தை அடுத்த நாள் கூட்டி வைத்தார், மறுபடி எடுத்தேன். மருமகள் பகுதியை வெட்டினேன். படத்துக்கு அது நட்டம்தான், நல்ல காட்சி. ஆனால் அவர்கள் இருவரும் இப்போது பேசிக்கொள்கிறார்கள், நான் குழப்ப ஏலாது.

மகள் இந்தத் தொழிலுக்குப் போக வேண்டும் என்று நிற்கிறாள். விடலாமா? (ஒட்டுசுட்டான், ஒரு தாய்)

விடுங்கள் அம்மா. பெண் பிள்ளைகள் எடுத்தால் எங்களுக்குத் திறக்காத அடுப்படிக் கதவு திறக்கும். இரண்டு விடயம் மட்டும் சொல்லி விடுங்கள். யாரைச் சந்திக்கிறாள், எங்கே போகிறாள் என்று வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். படம் எடுத்த பிறகு யாராவது வந்து, யார் எடுக்கச் சொன்னது, காசு எங்கிருந்து என்று விசாரிக்கக்கூடும். தனியே பதில் சொல்லப் போக வேண்டாம், ஒரு சட்டத்தரணியின் போன் இலக்கம் கையில் இருக்கட்டும். அடுத்தது, கேட்ட கதைகள் நித்திரையில் வரும். வந்தால் வெட்கப்படாமல் மாவட்ட ஆஸ்பத்திரி உளநலப் பிரிவுக்குப் போகச் சொல்லுங்கள். எங்கள் காலத்தில் அதற்குச் சாராயத்தைத்தான் மருந்து என்றார்கள். எத்தனை நல்ல செய்தியாளர்களை அது கொண்டுபோனது என்று எனக்குத் தெரியும்.

சமாதான காலத்தில் எடுத்த சிறிய வீடியோ கசெட்டுகள் வீட்டில் இருக்கின்றன. வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்திருக்கிறது. எறிந்துவிடவா? (முழங்காவில் வாசகர்)

எறிய வேண்டாம்! பூஞ்சணத்தோடு கமராவில் போட்டு ஓடவிடவும் வேண்டாம். ஹெட்டில் ஒட்டிக்கொண்டால் கமராவும் கெடும், அடுத்துப் போடும் கசெட்டும் கெடும். வெயிலில் காய வைக்காதீர்கள், நாடா சுருங்கிவிடும். சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களைச் சேர்த்து, இறுக்கமாக மூடும் ஒரு டப்பாவில் கசெட்டோடு வைத்து நிழலில் விடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு, இந்த வேலை தெரிந்த ஒருவரிடம் கொடுத்துச் சுத்தப்படுத்தலாம்.

கணினிக்கு ஏற்றுவதற்குக் குறுக்கு வழி இல்லை. ஒரு மணித்தியாலக் கசெட்டுக்கு ஒரு மணித்தியாலம் ஓடத்தான் வேண்டும், ஏறக்குறைய 13 ஜிபி இடம் பிடிக்கும். புதிய லப்டொப்புகளில் அதற்கான துவாரம் இல்லை, பழையது ஒன்று தேட வேண்டும். ஏற்றியதை இரண்டு ஹாட் டிஸ்கில் போட்டு, ஒன்றை வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டில் வையுங்கள். கசெட்டின் முதுகில் உள்ள கையெழுத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள். யார் எழுதியது என்பதும் ஒரு தகவல்தான். கலியாண வீடு, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, வற்றாப்பளைப் பொங்கல் என்று என்ன இருந்தாலும் சரி. பிள்ளையின் முகம் பேசியபடி, ஓடியபடி இருப்பது அந்த ஒரு கசெட்டில் மட்டும்தான் என்ற வீடுகள் இங்கே உண்டு. என்னிடம் ஓடும் நிலையில் ஒரு பழைய கமரா இருக்கிறது. இந்த இதழின் முகவரிக்கு எழுதினால் எனக்கு அனுப்பி வைப்பார்கள். ஐப்பசி மழைக்கு முன் என்றால் நல்லது, ஈரக் காலத்தில் நான் அந்தப் பெட்டியைத் திறப்பதில்லை.